நடிகர் வாத்தியாரானால் எல்லோரும் அவரைப் போலத்தான் நடிப்பார்களா?

கேள்வி. பார்வதிபுரம் வாசகர், ஜூன் 3

மேடையில் பேர் வாங்கின நடிகர் வாத்தியாராகவோ இயக்குநராகவோ ஆனால் அந்தக் குழு உருப்படாது என்பது என் கட்சி. எல்லோரையும் தன்னைப் போலவே பேச வைப்பார், தன்னைப் போலவே கையைத் தூக்க வைப்பார். பழைய நாடகக் கம்பெனிகளில் நடந்தது அதுதான். நம்ம நாகர்கோவில் நாடக நடிகர் டி.கே. சண்முகம் அண்ணாச்சியும் அதற்கு விலக்கில்லை. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

பாதி சரி. அந்தப் பாதியை நானே அனுபவித்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கடற்கரை ஊர். கோயில் திருவிழாவில் கொடியேற்று முடிந்து நாள்கள் நகர நகர, பிள்ளைகள் காத்திருப்பது கடைசி நாளின் தேர்ப்பவனிக்கும் அன்றிரவு நாடகத்துக்கும்தான். எண்பதுகளில் எங்கள் நாடகத்தைப் பழக்க ஒரு வாத்தியார் வந்தார். சின்ன வயதில் ஏதோ ஒரு பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், பிறகு ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடம். அப்போது எழுபதை நெருங்கியிருப்பார். ஒத்திகை குருசடிக்கு (சிலுவை வைத்த சின்னக் கோயில்) பின்னால், ராத்திரி. வசனத்தை விளக்கமாட்டார். நடித்துக் காட்டுவார், "இப்படிச் சொல்லுலே" என்பார், அவ்வளவுதான்.

அவர் நடித்துக் காட்டும்போது வாயைப் பிளந்து பார்ப்போம். ஆனால் திருவிழா அன்று மேடையில் அப்பன், மகன், கொலைகாரன், போலீஸ்காரர் எல்லோரும் ஒரே குரலில் பேசினோம். எழுபது வயது ஸ்திரீபார்ட் குரல். போலீஸ்காரர் கண்ணீரோடு கையை நீட்டி "உன்னைக் கைது செய்கிறேன்" என்றபோது ஊரே சிரித்தது. போலீஸ்காரர் நான்தான்.

ஆக, நீங்கள் சொல்லும் வியாதி உண்டு. நடிகராக இருந்ததால்தான் அது வருகிறது என்பதை மட்டும் ஏற்க முடியாது. தமிழ் நாடகத்தின் பெரிய வாத்தியாரே நடிகராக இருந்தவர்தான். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி, இந்தப் பேச்சுக்கே அதுதான் அடித்தளம்.

பையன்களை மட்டும் வைத்து நடத்திய தொழில்முறைக் குழுக்கள். ஆறு, ஏழு வயதில் சேர்ப்பார்கள். கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பாட்டு, பாடம், அடி. ஆண் வேடமும் பெண் வேடமும் அவர்களேதான். பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். நேற்றுவரை பெரிய பார்ட் போட்டு ஒன்ஸ்மோர் வாங்கின பையன் அன்றைக்கு ஓரத்துக்குப் போய்விடுவான். சிலர் குரல் தேறித் திரும்பி வருவார்கள். சிலர் ஆர்மோனியம், சிலர் படுதா இழுப்பது. சிலர் சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்காருவார்கள். வாத்தியார் ஆவது விருப்பப்பட்டு எடுத்த வேலையாக இல்லாமல், தொண்டை கைவிட்டதால் வந்த வேலையாகவும் இருந்தது. தன் பழைய குரலை அடுத்தவன் தொண்டையில் தேடுகிறவர் அப்படித்தான் உருவாகிறார். எங்கள் வாத்தியார் அந்த வகை என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 4, இரவு

சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் பிறந்தவர், தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டி. பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். யாப்பு கையில் இருந்த ஆள். நாடகத்துக்கு வந்து நடித்த வேடங்களைப் பாருங்கள்: இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். முரட்டு வேடங்கள். பார்த்தவர்கள் பயந்தார்கள் என்பது மிகையாக இருக்காது.

அவர் நடிப்பை விட்டதற்கு ஒரு கதை உண்டு. சனீஸ்வரன் வேடம் போட்டு நாடகம் முடிந்து, விடிகாலையில் வேடத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போகிறார். அங்கே வந்த பெண் ஒருத்தி அந்த முகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் இறந்துபோகிறாள். எமன் வேடத்தைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும் சொல்வார்கள். நாடகக்காரர்கள் சொல்லும் கதைக்கு வேடமும் ஊரும் மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது ஒன்று: உச்சத்தில் இருந்தபோதே அரிதாரத்தை நிறுத்தினார், எழுதவும் பழக்கவும் உட்கார்ந்தார்.

1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது ஐம்பது வயது அவருக்கு. அங்கே சேர்ந்த பையன்களில் ஒருவர்தான் ஆறு வயது டி.கே. சண்முகம். அந்தப் பையனுக்காகச் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதிய கதை நாடகக்காரர்களுக்கெல்லாம் தெரியும். பாட்டு, வசனம் எல்லாம் சேர்ந்து நாலு மணி நேர நாடகம், விடிவதற்குள் முடிந்தது. எல்லோரும் அந்த வேகத்தைப் புகழ்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. இரணியன் போட்ட ஆள், ஒரு சின்னப் பையன் தொண்டை எதைத் தாங்கும் என்று பார்த்து அபிமன்யுவை எழுதினார். தன் குரலைப் பையனுக்குத் திணிக்கவில்லை, பையன் குரலுக்குப் பார்ட் தைத்தார்.

பார்வதிபுரம் அண்ணன் இதற்குப் பதில் சொல்லட்டும். நடிப்பை விட்டவன்தான் நல்ல வாத்தியார் ஆவான் என்பது இப்போதைக்கு என் கட்சி.

ஜூன் 6

"சண்முகம் நடிப்பை விடவே இல்லையே, அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?" என்று தக்கலையிலிருந்து ஒருவர் மடக்கியிருக்கிறார். இன்னொருவர், அவர் நாகர்கோவில்காரரே இல்லை, திருவனந்தபுரத்துக்காரர் என்கிறார்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். பிறந்தது 1912-ல் திருவனந்தபுரத்தில், உண்மை. அன்றைக்கு நாகர்கோவில் இருக்கும் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லைக் கோடு போட்டவர்களிடம் போய்ச் சண்டை பிடியுங்கள்.

முதல் கேள்வி கனமானது. அண்ணன் தம்பி நான்கு பேர்: சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. அப்பா கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் நடிகர். சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் இறந்தார். 1925-ல் இவர்கள் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். சண்முகத்துக்குப் பதின்மூன்று வயது. சுவாமிகளின் புராண நாடகங்கள் தலைகீழ்ப் பாடம். அதையே காலம் முழுக்க ஓட்டியிருக்கலாம், எத்தனையோ கம்பெனிகள் அப்படித்தான் ஓட்டின.

இவர்கள் எம். கந்தசாமி முதலியாரை வாத்தியாராகக் கூப்பிட்டார்கள். சினிமா நடிகர் எம்.கே. ராதாவின் அப்பா. முதலியார் நாவல்களை நாடகமாக்கி, பாட்டைக் குறைத்து, வீட்டில் பேசுவதுபோல வசனம் பேசப் பழக்கினார். சொந்தக் கம்பெனி, முதல் நடிகர், ஊர் ஊராகப் பெயர். அப்படிப்பட்ட சண்முகம் மறுபடி பாயில் உட்கார்ந்து, கற்றதற்கு நேர் எதிரான பாடத்தை வாங்குகிறார். அந்தப் பழக்கத்திலிருந்துதான் மேனகா, குமாஸ்தாவின் பெண் நாடகங்கள் எல்லாம் வந்தன. மேனகா 1935-லும் குமாஸ்தாவின் பெண் 1941-லும் சினிமாவாயின.

ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன். நடிப்பை விட்டாரா இல்லையா என்பது முக்கியமில்லை. இன்னொருவரிடம் திருத்தம் வாங்குவதை நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள்.

ஜூன் 6, கொஞ்சம் கழித்து

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை விட்டுவிட்டேன், ஒழுகினசேரிக்காரர்கள் வந்து அடிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்.எஸ்.கே. 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், பிறகு இதே சபாவில் நடிகர். தேசபக்தி நாடகத்தில் காந்தி கதையை வில்லுப்பாட்டாகவே மேடையேற்றினார். இங்கே நான் பார்ப்பது சபாவை. கொட்டகை நாடகத்தின் வாடை வேறு, கோயில் கொடைவிழாவில் கேட்கும் வில்லுப்பாட்டின் வாடை வேறு. சுடலை, இசக்கி சாமிகளுக்குப் பாடுகிற வில்லைக் கொண்டுவந்து நாடக நடுவில் வைக்கிறேன் என்று ஒரு நடிகர் சொல்லும்போது, எல்லோரையும் தன்னைப்போல் ஆக்க நினைக்கிற இயக்குநர் என்ன செய்வார்? வெட்டி எறிவார். இவர்கள் விட்டார்கள். ஊர் கைதட்டியது.

சண்முகத்திடம் எல்லோரும் சண்முகமாக ஆனார்கள் என்றால் கலைவாணர் எங்கிருந்து வந்தார்? நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் போகும்போது கலைவாணர் சிலையைப் பார்த்துக் கேளுங்கள் அண்ணாச்சி.

ஜூன் 9

பார்வதிபுரம் அண்ணன் பதில் போட்டிருக்கிறார். கலைவாணர் மேதை, மேதையை யாராலும் கெடுக்க முடியாது, சாதாரண நடிகனைப் பற்றிப் பேசுங்கள் என்கிறார். நல்ல அடி.

சாதாரண நடிகன் என்றால் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்க்க வேண்டும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் அவ்வளவாக இல்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நடக்கிறது. வள்ளி ஒரு ஊர், முருகன் ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். நோட்டீஸில்தான் பெயர்கள் ஒன்றாக இருக்கும். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, பவுடர் பூசி, விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திவிட்டுக் காலையில் பஸ் ஏறிவிடுவார்கள். இயக்குநர் என்று ஒருவர் அங்கே இல்லை. எப்படி முடிகிறது? எல்லோர் வாயிலும் சுவாமிகளின் பாடம் இருக்கிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் எங்கே தொடங்கும், எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டால் பதில் என்று தெரியும். நடுவில் தாங்களாகப் போட்டு இழுப்பது அவரவர் சாமர்த்தியம்.

சுவாமிகள் இறந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்காத நடிகர்களை அவர் இன்னமும் மேடையில் சேர்த்து வைக்கிறார். நடித்துக் காட்டிப் பழக்கியிருந்தால் அது அவரோடு போயிருக்கும். எழுத்தில் போட்டுவிட்டுப் போனதால் நின்றது. சாதாரண நடிகனுக்கு அதில் காலூன்ற இடமும் இருக்கிறது, கையைக் காலை ஆட்ட இடமும் இருக்கிறது.

இதையே திருப்பியும் போடலாம். எல்லோருக்கும் ஒரே பாடம் என்பதால் அந்த மேடையில் புதிதாக எதுவும் நுழைவது கஷ்டம். பபூன் மட்டும்தான் அன்றன்றைக்குப் பேப்பர் செய்தியைப் பேசுவார். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 10

தோல்பாவைக்கூத்தை ஏன் சொல்லவில்லை என்று ஒரு கேள்வி. நம்ம மாவட்டத்திலும் நடப்பது, கட்டாயம் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் உட்கார்ந்து ராமன், சீதை, ராவணன், கோமாளிகளான உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் எல்லோருக்கும் குரல் கொடுப்பார். பார்வதிபுரம் அண்ணன் பயப்படும் இயக்குநர் இவரேதான்! எல்லோரும் அவரே, யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

ஆனால் வீட்டில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்து, வெளியே தமிழில் ராவணனுக்கு ஒரு தொண்டை, உளுவத்தலையனுக்கு ஒரு தொண்டை வைத்திருக்கும் மனிதரிடம் பழகினால், "எல்லோரும் ஒரே குரல்" என்ற பிரச்சினையே வராது. அவருக்கே பத்துக் குரல். எங்கள் வாத்தியாரிடம் இருந்தது ஒன்றுதான்.

 

ஜூன் 13

இரண்டு நாள் மழை, கரண்ட் இல்லை. அதற்குள் இங்கே "நவீன நாடகக்காரர்களைப் பற்றிப் பேச்சே இல்லையே" என்று குற்றச்சாட்டு.

சே. ராமானுஜம். நாங்குநேரிக்காரர், ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் கொஞ்ச தூரம்தான். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து வந்தவர். 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த பட்டறையில் இவரும் கேரளத்து ஜி. சங்கரப்பிள்ளையும் சேர்ந்து பழக்கினார்கள். பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை. 2016-ல் காலமானார். தமிழில் இன்று நாடகம் போடுகிற பலர் அவரிடமோ அவர் மாணவர்களிடமோ பாடம் கேட்டவர்கள்.

அவர் பெரிய மேடை நடிகர் என்று பேர் வாங்கியவர் இல்லை, அதனால் பார்வதிபுரம் அண்ணன் கட்சிக்கு அவர் சாட்சியாகலாம். எனக்கு அவரிடம் பிடித்தது திருக்குறுங்குடி வேலை. நம்பி கோயிலில் கார்த்திகை மாத ஏகாதசி இரவில் நடக்கிற கைசிக நாடகம் தேய்ந்து சடங்காகிப் போயிருந்தது. பாணர் குலத்து நம்பாடுவான் இறைவனைப் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டு வந்து உனக்கு இரையாகிறேன் என்று சத்தியம் செய்து போய், சொன்னபடியே திரும்பி வருகிறான். அதுதான் கதை. தொண்ணூறுகளின் கடைசியில் அனிதா ரத்னத்தோடு சேர்ந்து ராமானுஜம் அதைத் திரும்ப மேடையில் நிற்க வைத்தார். பழைய பாடம், அந்த மரபுக் குடும்பத்துப் பெண்களின் நினைவு, கோயில்காரர்கள், இசை தெரிந்தவர்கள் என்று தேடிப் பொறுக்கி எடுத்த வேலை அது.

டெல்லியில் படித்தவர் அங்கே படித்ததைக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தால் நம்பாடுவான் என்னென்னவோ ஆகியிருப்பான். திருக்குறுங்குடிக்குப் போய்ப் பாருங்கள், இயக்குநர் எங்கே நின்றார் என்று தெரியாது. சண்முகம் முதலியாருக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி, இவர் அந்தப் பெண்களின் நினைவுக்கு முன்னால் உட்கார்ந்தார். நடிகராக இருந்தவர், இல்லாதவர் என்று கோடு கிழிக்க இது ஒன்றுமே பிடிகொடுக்கவில்லை.

ஜூன் 14

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபோது எங்கள் திருவிழா வாத்தியார் மறுபடி ஞாபகத்துக்கு வந்தார். முதல் நாள் அவரைக் கிண்டல் செய்து எழுதியதோடு விட்டுவிடக் கூடாது.

அவருக்குக் கிடைத்தது என்ன? கடலுக்குப் போய் வந்து தூங்கி வழியும் ஆள்கள். பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே வராது. காற்று மாறினால் அன்றைக்கு ஒத்திகைக்கு யாரும் இல்லை. நடிகையை வெளியூரிலிருந்து கடைசி நாள்தான் அழைத்து வருவார்கள், அதுவரை கதாநாயகி வசனத்தை ஒரு மீசைக்காரப் பையன் படிப்பான். இந்தக் கூட்டத்திடம் போய் "உன் பாத்திரத்தின் மனநிலை என்ன" என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். நடித்துக் காட்டுவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

இன்னொன்று. திருவிழா அன்று சாயங்காலம் வந்து இறங்கிய அந்த அம்மாவுக்கு மட்டும் அவர் ஒன்றையும் நடித்துக் காட்டவில்லை. எங்கே நிற்க வேண்டும், யார் எந்தப் பக்கமிருந்து வருவார், எந்த வார்த்தை காதில் விழுந்தால் பேச வேண்டும், இவ்வளவுதான் சொன்னார். தொழில்காரியிடம் தொழில்காரர் பேசிய பேச்சு. அன்றிரவு மேடையில் மனுஷக் குரலில் பேசியது அந்த அம்மா ஒருவர்தான். அதாவது வாத்தியாருக்கு இன்னொரு வழியும் தெரிந்திருந்தது. எங்களிடம் அது செல்லாது என்று நினைத்திருக்கிறார். அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கோபம் உண்டு.

ஜூன் 15

கமலஹாசன் பையனாக இருந்தபோது சண்முகத்தின் நாடகக் குழுவில் இருந்தவர் என்பதைச் சொல்லுங்கள் என்று மூன்று பேர். சரி, சொல்லியாயிற்று. அவரும் மேதை என்று அண்ணன் ஒதுக்கிவிடுவார்.

அவ்வையாரைப் பற்றியும் கேட்கிறார்கள். நாற்பதுகளில் சண்முகம் போட்ட அந்தக் கிழவி வேடம்தான் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. சென்னையில் சாலைக்கே அந்தப் பெயர் இருக்கிறது. முப்பதைத் தொட்ட ஆண், கம்பெனி முதலாளிகளில் ஒருவர், கூனிக் குறுகிக் கிழவியாக வருகிறார். ராஜபார்ட்டை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்து. நம்ம ஊர்க் குழுக்களில் நாடகத்துக்குப் பணம் போடுகிறவர் கதாநாயகன் வேடத்தை விடுவாரா? ஒருவரைக் காட்டுங்கள்.

ஜூன் 18

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். கல்லூரியில் நாடகம் நடித்தவராம். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறார், எல்லாப் பிள்ளைகளும் தன்னைப் போலவே பேசுகிறார்கள், என்ன செய்ய என்று கேட்கிறார். இத்தனை நாள் பேச்சில் உருப்படியான கேள்வி இதுதான்.

டீச்சர், நான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு செய்து பார்ப்பதைச் சொல்கிறேன். முதல் வாரம் வசனத் தாளைக் கொடுக்காதீர்கள். கதையைச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் நீ என்ன சொல்வாய் என்று கேளுங்கள். உங்கள் விளவங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்தால் அந்த ஊர் மலையாள வாடையோடு தமிழ் வரும். வரட்டும், திருத்தாதீர்கள். அது வந்தபிறகு தாளைக் கொடுங்கள். எழுத்து வசனத்திலும் அந்த நடை கொஞ்சம் தங்கும்.

நடித்துக் காட்டியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுக்கும். அப்போது அந்தப் பிள்ளையின் பார்ட்டை நடிக்காமல் எதிர்ப் பார்ட்டை எடுங்கள். அவன் மகன் என்றால் நீங்கள் அப்பாவாக நின்று பேசுங்கள். உங்களுக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும், உங்களைப் பார்த்து எழுத முடியாது.

அப்புறம், ஒரு ஒத்திகைக்கு வேறு டீச்சர் யாரையாவது கூப்பிட்டு உட்காரவையுங்கள், கணக்கு டீச்சராக இருந்தாலும் பரவாயில்லை. அவர் "இது புரியவில்லை" என்று சொல்லும் இடத்தில் பிள்ளைகளுக்கு முன்னாலேயே மாற்றுங்கள்.

போலீஸ்காரர் வேடம் இருந்தால் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, கையை நீட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.